வியாழக்கிழமை மரக்கப்பல்

"ட்யார்க், மரக்கப்பலை ஏன் நிறுத்தி வெச்சிருக்கே? எதிர்ல ஈ காக்கா இல்லையே" என்றாள் பக்கத்து மேசை வீப்கே.

"வரும்" என்றான் ட்யார்க்.

கால்வாய் ஒடுக்கமானது. பெரிய கப்பல்கள் ஒதுங்குதுறையில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க முடியும். எது நிற்பது, எது போவது என்று கோபுரத்திலிருந்து சொல்வது அவன் வேலை. வியாழக்கிழமைதோறும் மரம் ஏற்றி வரும் அந்தக் கப்பலுக்குக் கால்வாயில் வழிகாட்டும் பைலட் என்று பட்டியலில் ஃபிராவ்கேயின் பெயர் இருந்தது. ரேடியோவில் அவள் வணக்கமாகச் சொல்லும் ஒரு "மோய்ன்" போதும், அவனுக்கு அந்த வாரம் ஓடிவிடும். இரண்டு வருடமாக இப்படித்தான். முகம் பார்த்ததில்லை. இன்றோடு சரி, நாளை அவள் வேறு துறைமுகத்துக்குப் போகிறாள். நான்கு மணிக்கு வேலை முடிந்ததும் கீழே போய்ப் பேசிவிட வேண்டும். அதுவரை கப்பல் நகரக்கூடாது.

வெளியே கடுகு மஞ்சளாய் வயல்கள். அவற்றின் மேலேயே கப்பல்கள் தூக்கத்தில் நடப்பதுபோல் வந்தன. ட்யார்க்கும் பாதித் தூக்கத்தில்தான் இருந்தான்.

மரக்கப்பலுக்குப் பின்னால் எண்ணெய்க் கப்பல் வந்தது. நின்ற இடத்திலேயே நிற்கச் சொன்னான்.

எதிர்க்கரையிலிருந்து ஆள்களைப் படகில் இக்கரைக்குக் கொண்டுவரும் ஹின்னர்க் ரேடியோவில் கத்தினார். "தம்பி, என் வழிக்குக் குறுக்கே இருநூறு மீட்டர் கப்பலை நிறுத்திட்டியே! இந்தக் கரையில ஆள் நிக்குது."

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

வீப்கே சந்தேகமாகப் பார்த்தாள். காரணம் காட்டுவதற்காக எதிர்ப்பக்கத்திலிருந்து மூன்று கப்பல்களை முன்கூட்டியே வரவழைத்தான். அவை ஒதுங்குதுறையை அடைத்துக்கொண்டன. இப்போது நிஜமாகவே யாரும் நகர முடியவில்லை. ஒன்றைப் பின்வாங்கச் சொன்னான். அது கரையில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது.

"இதுக்குப் பேர் போக்குவரத்தா? மீன் டப்பா!" என்றாள் வீப்கே.

"தம்பி, ஆள் இன்னும் நிக்குது" என்றார் ஹின்னர்க்.

"பொறுங்கண்ணே! இன்னிக்கு என் வாழ்க்கைப் பிரச்சினை."

மணி நான்கு. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். ரேடியோ மறுபடி கரகரத்தது.

"அண்ணே, யாரா இருந்தாலும் நாளைக்கு வரச் சொல்லுங்க!"

"நாளைக்கு ஊர்லயே இருக்காதாம் தம்பி. ஃபிராவ்கேன்னு பேரு. உன்னைப் பாக்கணும்னு இன்னிக்குக் கப்பல் முறையை வேற ஆளுக்கு மாத்திவிட்டுட்டு, கேக்கோட ரெண்டு மணி நேரமா நிக்குது. நீ வழி விட்டாத்தானே வரும்!"