மகளைச் சுற்றித் தைத்த போர்வை

அன்று மாலை நாலே காலுக்கு என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். இப்போதும் கடிகாரம் நாலே கால் காட்டினால் வாசலுக்கு வந்து தெருவை எட்டிப் பார்ப்பேன். உடனே எங்கள் ஊர்க் கோணல் டெய்லர் ஞாபகம் வரும், உள்ளே திரும்பிவிடுவேன்.

செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் அத்தனை பேரும் எழுந்து வந்து கெஞ்சினாலும் அவர் ஒரு நேர்கோடு தைக்க மாட்டார். சட்டை தைப்பது வயிற்றுப்பாட்டுக்கு. உயிரெல்லாம் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப் போர்வையில். கடைத் தரையில் ஒரு வெட்டுத்துணியைப் போடுவார். அது பக்கத்தில் எந்த நிறத்தைக் கேட்கிறதோ அதை வைத்துத் தைப்பார். அளவு கிடையாது, கோடு கிடையாது, எங்கே முடியும் என்று அவருக்கே தெரியாது.

ஒருநாள் "ஊதா கேக்குது" என்று எழுந்தவர், அவலூர்பேட்டை பஸ்ஸில் ஒருவர் தோளில் ஊதாத் துண்டைப் பார்த்து ஏறிவிட்டார். மறுநாள் துண்டோடு திரும்பினார், சட்டையில்லாமல்.

சிங்கவரத்து விவசாயி ஒருவர் போர்வையை விரித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இன்னாய்யா இது, அஞ்சு மூல இருக்குது?"

"ஒனக்கு எத்தினி தல?"

"ஒண்ணுதான்."

"ஒரு தலைக்கு அஞ்சு மூல குடுத்திருக்கேன், சந்தோசப்படுய்யா!"

அடுத்த துண்டைத் தேடும்போது மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. உதட்டில் விரல் வைத்து "ஸ்ஸ்ஸ்" என்பார். சட்டை கேட்டு வந்த போலீஸ்காரரையே அப்படி அடக்கினார். அவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

மகள் வராத அன்று, நான் தேடிப் போனபோது பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. வழியில் இருந்த அவர் கடைக்கு ஓடினேன். துணிக்குவியலுக்குப் பின்னால் குனிந்திருந்தார்.

"எம் பொண்ணப் பாத்தீங்களா?"

"ஸ்ஸ்ஸ்."

"யோவ், புள்ளயக் காணோம்யா!"

"ஸ்ஸ்ஸ், சார்!"

பிள்ளை போனாலும் இந்த ஆளுக்குக் கலர்தான் பெரிசு என்று திட்டிக்கொண்டே ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டு, கோட்டை வாசல், கடைசியில் செட்டிகுளம். இரண்டு பேர் மூழ்கித் தேடினார்கள். ஒவ்வொரு முறை அவர்கள் தலை மேலே வரும்போதும் நான் கைகளைத்தான் பார்த்தேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் என்னை நடத்திக் கூட்டிவந்து வீட்டு வாசலில் உட்கார வைத்தார்கள். அப்போது தெருமுனையில் ஒரு பெரிய போர்வை நடந்து வந்தது. கீழே டெய்லரின் கால்கள். மேலே, அவர் தோளில், என் மகளின் முகம்.

"நைனா!"

பள்ளிக்கூடம் விட்டதும் அவர் கடைக்கு வெட்டுத்துணி பொறுக்கப் போனவள், விரித்திருந்த போர்வை ஓரத்திலேயே தூங்கிவிட்டிருக்கிறாள். என் மனைவி அவளைப் பறித்து அணைத்துக்கொண்டாள். நான் டெய்லரின் சட்டையைப் பிடித்தேன்.

"கேட்டப்பவே சொல்லக் கூடாதாய்யா?"

"அதான் சொன்னனே சார், ஸ்ஸ்ஸ்னு. புள்ள தூங்குது. சத்தமாவா சொல்ல முடியும்? நீங்க நிக்காம ஓடிட்டீங்க."

பிறகு போர்வையை விரித்தார். எழுப்ப மனசில்லாமல் அவளைச் சுற்றியே தைத்திருக்கிறார். ஒருக்களித்துப் படுத்த என் மகளின் வடிவத்தைச் சுற்றி, மஞ்சளும் பச்சையுமாக ஒரு வளைவு. சட்டையைப் பிடித்திருந்த என் கைகள் தாமாகவே குவிந்தன.

அவர் அதைக் கவனிக்கவில்லை. வளைவின் கீழ்ப்பக்கத்தைத் தடவிக் காட்டினார்.

"வளர்ற புள்ள சார். கால் பக்கம் கொஞ்சம் எடம் வுட்டிருக்கேன்."