மாசிலாமணிக் கரடி சொன்னதைக் கேட்ட கழுகு

ஒரு காட்டில், தேன்கூடுகள் தொங்கும் மலைச்சரிவில், மாசிலாமணி என்ற வயதான கரடி குடியிருந்தார். மனைவி காலமாகிவிட்டாள். மகள் செல்லக்கிளி பக்கத்துக் குகையில் இருந்தாள். மகன் ராஜதுரை வெளியூரில், மிருகக்காட்சிசாலையில் நல்ல வேலையில் இருந்தான். வேளாவேளைக்குச் சாப்பாடு, குளிக்கத் தொட்டி, வாரம் ஒருநாள் லீவு. அவனைப் பார்க்கத் தினமும் கூட்டம் அலைமோதும். அவனுக்குத்தான் யாரையும் வந்து பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

மாசிலாமணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இனி ரொம்ப நாள் ஓடாது என்று அவருக்கே தெரிந்துபோயிற்று. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மகனை வீடியோ காலில் பிடித்தார்.

"ஒரு விஷயம் பேசணும். நான் முடியாமப் படுத்துட்டேன்னா..."

"அப்பா! உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றாள் செல்லக்கிளி.

"கொக்கு டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் குழாய் மாட்டாதீங்க. இந்தக் குகையிலயே..."

"பாசிட்டிவா பேசுங்கப்பா," என்றான் ராஜதுரை. "நீங்க நூறு வயசு இருப்பீங்க."

"கரடி எங்கடா நூறு வயசு இருக்கும்?"

"அப்பா, சிக்னல் கட்டாகுது," என்றான் ராஜதுரை. சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

சிநேகிதர்களிடம் பேசிப் பார்த்தார். மான் பாதியிலேயே ஓடிவிட்டது. நரி, "அதெல்லாம் அப்போ பாத்துக்கலாம்," என்றது. அப்போ என்றால் எப்போ என்று கேட்டதும் நரிக்கு அவசர வேலை வந்துவிட்டது.

காட்டின் ஓரத்தில் ஒரு பட்டமரம். அதில் பொன்னுரங்கம் என்ற பிணந்தின்னிக் கழுகு இருந்தார். அபசகுனம் என்று அந்தப் பக்கமே யாரும் போவதில்லை. ஒருநாள் அந்த வழியாக வந்த மாசிலாமணி, மேலே நடக்க முடியாமல் அந்த மரத்தடியில் மூச்சுவாங்கி உட்கார்ந்து, "நான் செத்தேன்னா..." என்று தனக்குத்தானே முனகினார். பொன்னுரங்கம் சட்டென்று இறங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கண்ணே. நிதானமாச் சொல்லுங்க. எனக்கு வேற வேலை இல்லே."

இத்தனை நாளில் 'சொல்லுங்க' என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குகையிலயே போயிடணும், பொன்னுரங்கம். படுத்த இடத்திலேர்ந்து மலை தெரியணும். நாக்குல கொஞ்சம் தேன். மக பக்கத்துல இருக்கணும். செத்தப்புறம் மேளம் வேணாம், பட்டாசு வேணாம். பையன் அழுதா யாரும் தடுக்கக் கூடாது. சின்ன வயசுலேர்ந்தே அவன் எல்லாத்தையும் உள்ளேயே வெச்சுப்பான்."

"வலி தாங்க முடியலேன்னாண்ணே?"

"பச்சிலை அரைச்சுக் கொடுக்கட்டும். அது போதும்."

"தேன், மலைத்தேனா கொம்புத்தேனா?"

"கொம்புத்தேன்."

"அதுக்கப்புறம் உடம்பு?"

"நீ எடுத்துக்கோ. எனக்கு எதுக்கு?"

அந்த மழைக்காலத்தில் மாசிலாமணி மயங்கி விழுந்தார். செல்லக்கிளி பதறிப்போய் அவரைக் கொக்கு டாக்டரின் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். ராஜதுரையும் அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். "என்ன வேணும்னாலும் செய்யுங்க டாக்டர். எங்கப்பாவுக்கு எந்தக் குறையும் இருக்கக் கூடாது!"

அவன் இத்தனை வருஷம் வராத குறையெல்லாம் குழாய் குழாயாக அப்பாவின் உடம்பில் ஏறியது. வாயிலும் ஒன்று இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஜன்னல் வழியாகத்தான் பொன்னுரங்கம் உள்ளே வந்தார்.

"எங்கப்பா இன்னும் சாகல. அதுக்குள்ள வந்துட்டியா!" என்று பாய்ந்தான் ராஜதுரை.

"அதுக்கு முன்னால வந்தாத்தானே தம்பி பிரயோஜனம்?" என்ற பொன்னுரங்கம், மலையில் தொடங்கிக் கொம்புத்தேன் வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"பொய்! உனக்கு எங்கப்பாவைத் தின்னணும்!"

"ஆமா, தின்னணும். அதனாலதான் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டேன். இங்க ஏத்தற மருந்து உடம்பிலேயே தங்கிடும், தம்பி. அந்த மாதிரி உடம்பைத் தின்னுதான் என் சம்சாரம் போனா, மச்சான் போனான், எங்க கூட்டமே போச்சு. இன்னும் ஏத்தினீங்கன்னா உங்கப்பா எனக்கும் ஆக மாட்டார், உங்களுக்கும் கிடைக்க மாட்டார்."

கொக்கு டாக்டர் ஊன்றியிருந்த காலை மாற்றிக்கொண்டார். "குணமாகிறது கஷ்டம்னு நானும் சொல்லலாம்னுதான் இருந்தேன். யாரும் கேக்கலையே."

செல்லக்கிளி அப்பாவின் முகத்தருகே குனிந்தாள். "அப்பா, இவர் சொல்றதெல்லாம் நீங்க சொன்னதா?"

மாசிலாமணி தலையை ஆட்டினார். குழாய் பிய்ந்துவிடுமோ என்று பயப்படும்படி ஆட்டினார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். படுக்கையைத் திருப்பிப் போட்டதும் மலை தெரிந்தது. செல்லக்கிளி நாக்கில் தேன் தடவி, யார் வீட்டுக் குட்டி யாரோடு ஓடிப்போயிற்று என்று ஊர்க்கதை சொன்னாள். மாசிலாமணி சிரித்தார். ராஜதுரை அப்பாவின் காலைப் பிடித்துவிட்டான். வெயிலடித்த ஒரு காலையில், பாதிக் கதையில், அவர் போய்விட்டார்.

ராஜதுரை மேளத்துக்குச் சொல்லியனுப்ப எழுந்தான். செல்லக்கிளி அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். உட்கார்ந்தவன் அழ ஆரம்பித்தான். கூட்டிலிருந்த தேனீக்கள் கலைந்து பறக்கும்படி அழுதான். யாரும் தடுக்கவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை பொன்னுரங்கம் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு பசியோடு காத்திருந்தார். பிறகு, மரியாதையாகத்தான் சாப்பிட்டார் என்று காட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

மறுவாரம் பட்டமரத்தடியில் நீளமான வரிசை நின்றது. காட்டெருமை, முள்ளம்பன்றி, மூட்டுவலிக்காரச் சிறுத்தை என்று எல்லோரும் தங்கள் கடைசி ஆசையைச் சொல்ல வந்திருந்தார்கள். பொன்னுரங்கம் ஒவ்வொருவரையும் பொறுமையாக விசாரித்தார். யானையிடம் மட்டும் கொஞ்சம் கூடுதல் அன்போடு பேசியதாகக் கேள்வி.

நீதி: உங்கள் சாவைப் பற்றி உங்களை நேசிப்பவர்களிடம் பேசாதீர்கள், காதைப் பொத்திக்கொள்வார்கள். உங்களைத் தின்னக் காத்திருப்பவரிடம் பேசுங்கள், ஒரு வார்த்தை விடாமல் கேட்பார்.