‘ஆஸ் சூன் ஆஸ்’ சாரும் சிவப்பு மையும்

எழுபதுகளின் கடைசியில் காரைக்கால் முழுவதிலும் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்ற நாங்களெல்லாம் இங்கிலீஷ் வார்த்தைகளை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தோம். இத்தனைக்கும் அந்த ஒருவருக்குத் தெரிந்தது மூன்றே வார்த்தைதான். ஆஸ் சூன் ஆஸ்.

அப்போது நான் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், என் பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அவர் அங்கே ஹெட் கிளார்க். படித்ததெல்லாம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். கோப்புகளெல்லாம் இங்கிலீஷுக்கு மாறியபோது அவருக்கு நாற்பது வயது நெருங்கிவிட்டது. அன்றாட இங்கிலீஷ் வாக்கியங்கள் என்று ஒரு புத்தகம் வாங்கினார். ‘இது நடந்த உடனே அது’ என்று சொல்வதற்கான முதல் பாடத்தைப் படித்தார். அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார்.

“ஏன் சார், ரெண்டாவது பாடம்?” என்று கேட்டேன்.

“முதல் பாடத்தையே இன்னும் முழுசாப் பழகலைங்க.”

பழகிய விதத்தைக் கேளுங்கள். “ஆஸ் சூன் ஆஸ் மணி அடிக்குதோ, எழுந்திரிச்சுடுவேன்” என்பார். மாலை மணி அடித்ததும், எழுதிக்கொண்டிருந்த எழுத்தின் கொம்பைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவார். மறுநாள் காலையில் வந்து மீதிக் கொம்பைப் போடுவார். ஒரு கல்யாணத்தில், தாலி கட்டியவுடன் கிளம்பிவிடுவேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். கெட்டிமேளம் கொட்டியதும் நல்ல பசியோடு வாசலைத் தாண்டிவிட்டார். பெண்ணின் அப்பா தாம்பூலப் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை துரத்த வேண்டியிருந்தது. ஐப்பசியில் ஒருநாள் நெரவி பஸ் நிறுத்தத்தில், மழை விட்டவுடன் வருகிறேன் என்று எங்களை அனுப்பிவிட்டு ஒதுங்கி நின்றார். மழை தூறலானது, தூறல் சாரலானது. மூன்று பஸ் போன பிறகு, கடைசிச் சொட்டும் விழுந்ததை உறுதிசெய்துகொண்டு வந்து சேர்ந்தார்.

இப்படிப்பட்டவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு விரோதி இருந்தது. ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்.

அந்த நான்கு வார்த்தை இல்லாமல் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்கூட வெளியே போகாது. ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது அடிப்பேன். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அவர் மேஜைக்குப் போனால் ‘பாசிபிள்’ மட்டும் சிவப்பு மையில் அடிபட்டுத் திரும்பி வரும். ஓரத்தில் ‘எது நடந்ததும்?’ என்று எழுதியிருக்கும். மூன்று கார்பன் வைத்து அடித்த கடிதத்தை மறுபடி அடிக்கிறவளுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

“எல்லாரும் எழுதுறதுதானே சார்? இதுல என்ன தப்பு?”

“அது போட்டா நடக்காதுன்னு அர்த்தம்ங்க. எது முடிஞ்சதும் எதுன்னு சொல்லணும். சொல்லத் தெரியலைன்னா எழுதக்கூடாது.”

மனுஷனுக்கு வேறு வேலையில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடி அடிப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பட்டினச்சேரியிலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் என் மேஜைக்கு வந்தார். மகளுக்கு நர்ஸ் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. பிறப்புச் சான்றிதழைத் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் புதுச்சேரியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். இதற்காக ஒரு மாதமாக நடக்கிறார். எங்கள் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றை முந்தானையிலிருந்து எடுத்தார்.

“இதுல என்னா போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லும்மா.”

நான் அடித்த கடிதம். ஹெட் கிளார்க் லீவில் இருந்த வாரம் போனது போலிருக்கிறது, சிவப்பு மை படவில்லை. படித்துச் சொன்னேன்.

“கூடிய சீக்கிரம் செய்வாங்களாம்.”

“அப்புடின்னா எப்பம்மா?”

அத்தனை ஆயிரம் தடவை அடித்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பின்னாலிருந்து ஹெட் கிளார்க் எழுந்து வந்தார். பழைய பதிவேட்டைத் தூசி தட்டி அவரே எடுத்தார். அரை மணியில் நான் சான்றிதழை அடித்து முடித்தேன். கையெழுத்துதான் பாக்கி. ஆபீசரோ அன்று மதியமே சொந்த ஊருக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை காலை ரயிலில்தான் வருவார், வந்தாலும் பதினோரு மணிக்குத்தான் நாற்காலிக்கு வருவார்.

“ஆஸ் சூன் ஆஸ் ஆபீசர் ரயிலை விட்டுக் காலைக் கீழ வைக்கிறாரோ, கையெழுத்து” என்றார் அந்த அம்மாவிடம். அவர் விழித்ததைப் பார்த்து, “திங்கக்கிழமை காலைல பொண்ணையும் கூட்டிக்கிட்டு ரயிலடிக்கு வந்துடுங்க. அங்கேருந்தே பஸ் ஏறிடலாம்” என்றார்.

வேடிக்கை பார்க்கும் ஆசையில் நானும் போனேன். வண்டி நின்றது. ஆபீசர் ஒரு காலை நடைமேடையில் வைத்தார். மறு கால் படியில் இருக்கும்போதே எதிரே ஹெட் கிளார்க் நின்றார்.

“வணக்கம் சார். ஒரு கையெழுத்து.”

“என்னய்யா இது? ஆபீசுக்குக் கொண்டு வாரும்.”

“நீங்க ஆபீசுக்கு வர்றதுக்குள்ள பஸ் போயிடும் சார்.”

வழியை விட்டாரா என்றால், இல்லை. ஆபீசருக்குப் பின்னால் மூட்டை முடிச்சோடு ஒரு வண்டி ஜனம். “எறங்குய்யா, இல்லாட்டி உள்ள போய்யா” என்று சத்தம். அந்த அம்மா மீன் கூடையைக் கவிழ்த்து நீட்டினார். அதன் மேல் காகிதத்தை வைத்து ஆபீசர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஹெட் கிளார்க் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே அலுவலக முத்திரை. ‘ஹா’ என்று ஊதிக் குத்தினார். அம்மாவும் மகளும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். கூடை அம்மாவின் தலையில், காகிதம் மகளின் கையில்.

இடம் கிடைத்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அந்த அம்மா ஒரு பெரிய கொடுவா மீனோடு வந்தார். மீன் வாசனையே ஆகாத ஹெட் கிளார்க் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த அம்மா போனதும் என் மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவ ஓடினார்.

ஆபீசர் விடுவாரா? முத்திரையை வெளியே எடுத்துப் போனதற்கு விளக்கம் கேட்டு மெமோ. அடித்தவள் நான்தான். ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள் விளக்கம் தரவும் என்று முடிந்தது. ஹெட் கிளார்க் வழக்கம்போல் ‘பாசிபிளை’ச் சிவப்பு மையில் அடித்து, கீழே அவருடைய ஒரே இங்கிலீஷில் பதில் எழுதினார். ஆஸ் சூன் ஆஸ் என் தவறு எனக்குப் புரிகிறதோ, விளக்கம் தருகிறேன்.

அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய சூப்பரின்டென்டண்ட் பதவி வேறொருவருக்குப் போனது. அவரைப் பழைய கோப்புக் கட்டுகள் கிடக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

“வருத்தமில்லையா சார்?” என்று கேட்டேன்.

“இல்லாம என்னங்க. ஆஸ் சூன் ஆஸ் வீட்டுக்குப் போறேனோ, வருத்தப்படுவேன். இங்க வேலை கெடக்குது.”

எண்பதுகளில் எனக்குப் புதுச்சேரிக்கு மாற்றல் வந்தது. விடைபெறும்போது, “சீக்கிரமா ஒரு தடவை வந்து பாக்குறேன் சார்” என்றேன்.

“எது நடந்ததும்?”

சிரித்து மழுப்பிவிட்டேன். கல்யாணம், குழந்தை, வீடு என்று நான்கு வருஷம் ஓடியது. போகவில்லை.

ஒருநாள் காலையில் ஒரு கார்டு வந்தது. அவருடைய குண்டு எழுத்து. உடம்பு முடியவில்லை, உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று இரண்டு வரி. மூன்றாவது வரியில் ‘ஆஸ் சூன் ஆஸ்’ மட்டும் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

லீவு கிடைத்ததும் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். பிள்ளைக்குச் சளி விட்டதும் என்று போட்டுப் பார்த்தேன். மூன்றாவதாக ஒன்று யோசிக்க எனக்கே பிடிக்கவில்லை. உலையில் கிடந்த அரிசியைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த மீன்கார அம்மாவைப் போல் பஸ்ஸுக்கு ஓடினேன்.

கட்டிலில் பாதியாக இளைத்துக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது.

“லீவு குடுத்தாங்களா?”

“கேக்கலை சார்.”

“அப்ப எது நடந்ததும் கெளம்புனீங்க?”

“கார்டு வந்ததும்.”

மனைவியைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னார். அன்று மதியம் முழுக்கப் பேசினோம். ரயிலடிக் கதையை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். நடுவில், “உங்களுக்குத் திரும்புற பஸ் எத்தனை மணிக்குங்க?” என்றார்.

தெரியாது சார் என்றேன். தெரியும். சொன்னால் அந்த நேரம் வந்ததும் என்னை எழுப்பி அனுப்பிவிடுவாரே.