சாப்பாட்டு மணியின் வம்சாவளி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். உன் நலத்தை அவள் தினமும் இரண்டு வேளை அறிவித்து வருவதால் தனியாக விசாரிக்கவில்லை.

எங்கள் சோப்புத் தொழிற்சாலையின் மணி, சங்கு, கதவு எல்லாவற்றையும் இயக்க இருபது வருஷத்துக்கு முன் நான் எழுதிய புரோகிராம் ஒரே கோப்பு, ஒன்பதாயிரம் வரி. மேலிருந்து கீழே படித்தால் புரியும். போன வருஷம் ஆலோசகராக வந்த நீ, "அத்தான், இது புரோகிராமா, சிக்கு விழுந்த நூல்கண்டா?" என்று மீட்டிங்கில் பதினோரு பேர் முன்னால் கேட்டாய். யார் யார் சிரித்தார்கள் என்று குறித்து வைத்திருக்கிறேன். பிறகு அதை 'ஆப்ஜெக்ட்' என்று நானூற்றுப் பன்னிரண்டு தனித்தனித் துண்டாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் அப்பா, தாத்தா என்று வம்சமும் வகுத்து, "இனி ஒவ்வொன்றும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், குழந்தைக்குக்கூடப் புரியும்" என்று சொல்லிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டாய்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். சாப்பாட்டு மணி ஒரு மணிக்குப் பதில் பன்னிரண்டரைக்கு அடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் நான் கிடங்கில் பெட்டி ஒட்டப் போகலாம்.

ஒரு எண்ணை மாற்றுகிற வேலைதானே என்று உட்கார்ந்தேன். 'சாப்பாட்டு மணி' ஆப்ஜெக்டைத் திறந்தால் உள்ளே ஒரே வரி: என் அப்பாவைக் கேள். அப்பா 'மணி'. அவர், நேரம் என் பொறுப்பில்லை, அட்டவணையைக் கேள் என்கிறார். அட்டவணை தன் அப்பாவைக் கை காட்டுகிறது. அந்த அப்பாவுக்கு உருவமே கிடையாது, வெறும் கருத்துதான் என்று நீயே எழுதி வைத்திருக்கிறாய். மூணு நாள் அலைஞ்சேன் மாப்பிள்ளை. எல்லாரும் வேலையை இன்னொருத்தர் தலையில கட்டுறாங்க, செய்யறவன் மட்டும் கண்ணுலயே படல. கடைசியில 'சத்தம்'னு ஒரு கொள்ளுத்தாத்தா கிடைச்சார். அவர்கிட்ட "பன்னிரண்டரைக்கு அடி"ன்னு எழுதிட்டேன். அவர்கிட்ட சொன்னா வாரிசுங்க எல்லாமே கேக்குமாம், அவருக்கு எத்தனை வாரிசுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இன்னிக்குப் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி, வாசல் மணி, தீச்சங்கு எல்லாம் ஒண்ணா அலறிச்சு. தீச்சங்கு அடிச்சா கூரையிலிருந்து தண்ணி தானா கொட்டும். அது சோப்புத் தூள் மேல கொட்டினா என்ன ஆகும்னு எந்த ஆப்ஜெக்டுக்கும் தெரியல. இடுப்பு வரைக்கும் நுரை. நுரைக்குள்ளேருந்து மேனேஜர், "யாருய்யா பண்ணது?"ன்னு கத்துறார். வாட்ச்மேன் வாட்சைப் பார்த்துட்டு, "டைம் கரெக்ட்டா இருக்கு சார்"ங்கிறார். எல்லாரும் துடைச்சு நிமிரும்போது சரியா ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி பழையபடி இன்னொரு தரம் அடிச்சுது.

என் புரோகிராமாக இருந்திருந்தால் மூன்று நிமிஷ வேலை. உன் அறிவால் உன் அக்காவுக்குப் பெருமை, எனக்குக் கிடங்கு. நாளைதான் கெடு. இந்த மெயிலின் நகலை உன் மேனேஜருக்கும் அனுப்புகிறேன்.

உனக்கும் உன்னைப் போலவே ஒரு மைத்துனர் வாய்க்க மனதார ஆசீர்வதிக்கும்,
அத்தான்

பி.கு.: அனுப்பும் முன் கடைசியாக ஒரு முறை தேடினேன். ஒரு மணிக்கு அடிப்பவன் அகப்பட்டுவிட்டான். அந்த ஆப்ஜெக்டின் பெயர் 'அத்தான்'. உள்ளே என் ஒன்பதாயிரம் வரியும் அப்படியே இருக்கிறது. மேலே உன் குறிப்பு: "இது எப்படி ஓடுகிறதென்று தெரியவில்லை. இருபது வருஷமாக ஒரு நாளும் தவறியதில்லை. யாரும் தொட வேண்டாம்." இரண்டு மணி நேரமாக மேலிருந்து கீழே படிக்கிறேன். எனக்கும் புரியவில்லை. உன் மேனேஜருக்கு அனுப்பவில்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு, காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வா.