கொண்டலாத்தி கொத்தினால் பாஷா வீட்டுச் சாமான்

வெள்ளிக்கிழமைச் சந்தையில் பறவை விற்கிறவர்கள் ஒரு பக்கம், பழைய சாமான் விற்கிறவர்கள் ஒரு பக்கம். நடுவில் ஏமாற வருகிறவர்கள். கெய்ரோவில் இந்த மூன்றாவது கூட்டத்துக்கு மட்டும் பஞ்சம் வந்ததே இல்லை.

அந்த வாரம் சந்தை கூடுகிற பாலத்தடியில் கால் வைக்க இடமில்லை. ஷேக் மகாவிரி தன் கொண்டலாத்தியோடு வந்திருந்தார். சாதாரணக் கொண்டலாத்தியா? சுலைமான் நபிக்குச் சேதி கொண்டுவந்த பறவையின் நேர் வாரிசாம்! வம்சக் கணக்கை யார் பார்த்தது என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவன், பள்ளிவாசல் வாசலில் செருப்புத் திருட வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

அந்தப் பறவைக்கு ஒரே வேலை. பறவை உருவம் கொண்ட பழம்பொருளை அதன் முன்னால் வைக்க வேண்டும். பித்தளை வல்லூறு, மயில் விளக்கு, பீங்கான் வாத்து, எதுவானாலும் சரி. கொத்தினால் அசல்; பாஷா மாளிகைச் சாமான்; பெரும் விலை. கொத்தாவிட்டால் குப்பை. அந்தக் குப்பையைப் பக்கத்திலேயே துணி விரித்திருந்த தசூக்கி, 'சுமந்துகொண்டு திரும்ப வேண்டாமே' என்று மனம் இளகி, டீக்காசுக்கு வாங்கிக்கொள்வான். கொத்துப்பட்டதை விற்கிறவனும் அவனேதான். என்ன பொருத்தம்! எங்கள் நாட்டில் அந்தக் காலத்தில் இருந்த பாஷாப் பிரபுக்களைவிட பாஷா வீட்டுச் சாமான்கள் அதிகம். அவ்வளவையும் வைக்க அவர்களுக்கு வீடு போதாமல் போயிருக்கும்.

இதில் பெரிய வேடிக்கை வேறு. வாயைப் பிளந்து நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் மொட்டை மாடியில் புறா வளர்க்கிறவர்கள். புறாவை வெறும் வயிற்றோடு பறக்கவிட்டு, தானியச் சட்டியைத் தட்டிக் கீழே இறக்குகிறவர்கள். தங்கள் மாடியில் இருக்கிற அறிவைச் சந்தைக்கு எடுத்துவர மறந்துவிட்டார்கள்.

முன் வரிசையில் மெத்வல்லி நின்றார். மைக்ரோபஸ் ஓட்டுகிறவர். ரோட்டில் எவனையும் நம்பாமல் ஹாரனை அமுக்கியபடியே வண்டி ஓட்டுகிற மனிதர், இங்கே தசூக்கி விற்கிற ஒரு பித்தளை வல்லூறை நம்பி மனைவியின் தங்க வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

"ஷேக்கே, இன்னொரு தடவை பாத்துச் சொல்லிடுங்க. வளையல் வீட்டுக்காரியோடது. அவளுக்குத் தெரியாது."

"அவங்களுக்குத் தெரியாட்டி என்னப்பா, இதுக்குத் தெரியும்" என்று ஷேக் பறவையைக் காட்டினார். வல்லூறை எடுத்து அங்கியின் கையால் துடைத்தார். குழிந்திருந்த அதன் கண்ணைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். ஏதோ முணுமுணுத்துக் கீழே வைத்தார். கொண்டலாத்தி குடுகுடுவென்று ஓடிவந்து, நீண்ட மூக்கைக் கண்குழிக்குள் விட்டுக் கொத்தியது.

"அல்லாஹு அக்பர்!" என்றது கூட்டம்.

"அண்ணே, நேரா ஸமாலிக் பக்கம் கொண்டு போங்க. பணக்காரனுங்க அடிச்சிக்கிட்டு வாங்குவாங்க" என்றான் தசூக்கி. தானே அங்கே கொண்டுபோய் விற்க அவனுக்கு ஏன் கால் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

மெத்வல்லி முடிச்சை அவிழ்த்தார்.

"அபூ நாதியா! கையை நீட்டினே, முறிச்சிடுவேன்!"

மகள் நாதியாவின் பெயர் சொல்லி மெத்வல்லியை அதட்டியது அவர் மனைவி இன்ஷிராஹ். நகைப்பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்ததும் அப்படியே ஓடிவந்திருக்கிறாள். ஒரு காலில் நீலச் செருப்பு, மறு காலில் சிவப்பு.

"கத்தாதே! இது அசல். கொண்டலாத்தியே கொத்திடுச்சு!"

"நம்ம வீட்டு வாத்துகூட நேத்து உன் காலைக் கொத்துச்சு. நீ என்ன பாஷா வீட்டுச் சாமானா?"

கூட்டம் சிரித்தது. மெத்வல்லிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது பசியில கொத்துச்சுடீ!"

"இப்ப சொன்னே பாரு, அதை இன்னொரு தடவை சொல்லு."

  அவள் விறுவிறுவென்று பறவைக் கடைகள் பக்கம் போய், ஒரு பொட்டலம் புழு வாங்கி வந்தாள்.

ஷேக் துள்ளி எழுந்தார். "அம்மா, வேணாம்! அது நோன்பு வெச்சிருக்கு. வயிறு காஞ்சாத்தான் அதுக்கு ஞானக்கண் திறக்கும்."

"நோன்பா?" என்றான் கூட்டத்திலிருந்த ஒரு தடித்த புறாக்காரன். "இப்பத்தானே என்னமோ முழுங்குச்சு? தொண்டை ஏறி இறங்குறதை நான் பாத்தேனே!"

"பாத்துட்டுத்தான் அல்லாஹு அக்பர்னு கத்தினியா?" என்றாள் இன்ஷிராஹ், பொட்டலத்தைக் கொட்டியபடி.

கொண்டலாத்தி கொண்டையை விசிறிபோல் விரித்துக்கொண்டு தின்றது. கல்யாண விருந்தில் எங்கள் ஆட்கள் தின்பதுபோலத் தின்றது. கடைசியில் நாலு புழு மிஞ்சியது. அதற்கு மேல் அதற்கு இடமில்லை.

"ஷேக்கே, இப்பக் கேளுங்க. உங்க தடவல், உங்க மந்திரம், ஒண்ணையும் விட வேணாம்."

ஷேக் துடைத்தார், தடவினார், ஒன்றுக்கு மூன்று முறை முணுமுணுத்தார். வல்லூறைப் பறவையின் மூக்கடியில் வைத்தார். பறவை அதை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மெல்ல நடந்து, வல்லூறின் தலைமேல் ஏறி, எச்சமிட்டு, கண்ணை மூடிக்கொண்டது. அன்றைக்கு அந்தச் சந்தையில் சொல்லப்பட்ட ஒரே நேர்மையான தீர்ப்பு அதுதான்.

இன்ஷிராஹ் பறவையை இறக்கிவிட்டு, வல்லூறைக் கவிழ்த்துத் தரையில் தட்டினாள். கண்குழியிலிருந்து ஒரு புழு விழுந்து நெளிந்தது.

"ஏன் ஷேக்கே, பாஷாமாருங்க மாளிகையில புழுவா வளத்தாங்க?"

பதில் சொல்ல ஷேக் அங்கே இல்லை. ஒரு டுக்டுக் ஆட்டோவில் பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் போய்க்கொண்டிருந்தார். தசூக்கி துணியின் நாலு முனையையும் பிடித்து மூட்டை கட்டப் பார்த்தான். விடுவார்களா? 'குப்பை' என்று அவனிடம் விற்றுவிட்டு நின்றவர்கள் தங்கள் மயில் விளக்கையும் அன்ன வடிவ வெள்ளிப் பன்னீர்ச் செம்பையும் அள்ளிக்கொண்டார்கள். இன்ஷிராஹ் கொண்டலாத்தியின் கால்கயிற்றை அவிழ்த்துவிட்டு, வளையல்களை அங்கேயே கையில் போட்டுக்கொண்டாள்.

"இருந்தாலும் அந்த வல்லூறு பளபளன்னுதான்..." என்று ஆரம்பித்த மெத்வல்லி, அவள் முகத்தைப் பார்த்து இருமிவிட்டார்.

நான் கிளம்பும்போது ஒருவன் குனிந்து அந்தப் புழுவைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தான். "எதுக்குப்பா?" என்றேன். "ஷேக் கைபட்டதாச்சே, இதுலயும் கொஞ்சம் பரக்கத் இருக்குமில்ல?" என்றான்.

ஐயா புறாக்காரர்களே! நாளைக்கு மாடியேறித் தானியச் சட்டியைத் தட்டும்போது, அதே விரலால் உங்கள் தலையையும் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். இரண்டில் எது காலி என்று சத்தமே சொல்லிவிடும்.