வீரமுத்து எடுத்த விரதம்

வீரமுத்து பெற்ற மகளை முத்தமிடாமல் இருந்து அன்றோடு மூன்று நாள். தோட்டத்துக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயம் முழுக்க அதுதான் பேச்சு. ரப்பர் விலை சரிந்து, ரெங்கம் ரப்பர்த் தோட்டங்களில் பாதிப் பேரைச் சொந்த ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றிய வருடம் அது. மிச்சமிருந்தவர்களுக்குப் பேச வேறு விஷயமும் இல்லை.

மனைவி செல்லம் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வீடு திரும்பிய காலையில்தான் அவன் கீழுதட்டில் கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பியது. பால்வெட்டு முடிந்ததும் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் மணியத்திடம் ஓடினான்.

"ஒட்டுவாரொட்டி," என்றார் மணியம். "முத்தம், எச்சில் கோப்பை, ஒருத்தர் இழுத்த சுருட்டை இன்னொருத்தர் இழுக்கிறது, எல்லாத்திலயும் தொத்தும். கொப்புளத்தைத் தொட்ட கையாலயும் பரவும். நமக்குத் தானா காய்ஞ்சிரும். பச்சப்புள்ளைக்கு வந்தா உசிருக்கே ஆபத்து. பொருக்கு உதிர்ற வரைக்கும் வாயைப் புள்ளகிட்ட கொண்டுபோகாத."

வீரமுத்துவுக்கும் செல்லத்துக்கும் பிறந்த முதல் குழந்தை இருபதாம் நாளில் போய்விட்டது.

"செல்லத்துக்கிட்ட சொல்லிரட்டுங்களாய்யா?"

"சொல்லு. முத்தத்துல தொத்தும்னு சொன்னா, 'நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீ எங்க போனே'ன்னு கேப்பா."

"நான் எங்கயும் போகலீங்க. கள்ளுக்கடையில நாலஞ்சு பேரு ஒரே கோப்பையில குடிச்சோம்."

"அதை அவ நம்பணுமே."

வீரமுத்து துண்டை வாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பல்வலி என்றான்.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மா கிராம்புத் தைலத்தோடு வந்தாள். "வாயைத் தொறங்க தம்பி." அவன் திறக்கவில்லை. சாயங்காலம் செல்லத்தின் அண்ணன், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் காளியப்பன், பல் பிடுங்கும் சீனரையே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சீனர் கையிலிருந்த குறடு கண்ணில் பட்ட அந்த நிமிடமே வலி நின்றுவிட்டதாக வீரமுத்து சத்தியம் செய்தான்.

"வலி போச்சுன்னா துண்டை அவுத்துப் புள்ளையக் கொஞ்ச வேண்டியதுதானே, மாப்ள?"

"விரதம் மச்சான்," என்றான் வாய்க்கு வந்தபடி. "மாரியம்மனுக்கு. வாயைக் கட்டிக்கிட்டு, புள்ளையத் தொடாம இருக்கிறதா வேண்டுதல்."

காளியப்பனின் முகம் மலர்ந்தது. "நல்ல வேண்டுதல். வெள்ளிக்கிழமை பேர் வைக்கையில விரதத்தை முடிச்சிருங்க. சேனையும் நீங்களே வைங்க."

சேனை வைப்பவர் சீனித் தண்ணீரைத் தன் நாவில் தொட்டு, அதே விரலால் குழந்தையின் நாவிலும் தொட்டு வைப்பது அவர்கள் வழக்கம். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வருமாம். அது தாய்மாமன் உரிமை. காளியப்பன் அதையே விட்டுக்கொடுத்ததும், அவருடைய பெருந்தன்மையை லயமே மெச்சியது. வீரமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

செல்லம் மட்டும் எதுவும் கேட்காமல் இருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம், பால் கொடுத்தபடியே கேட்டாள்.

"பொண்ணாப் போச்சேன்னா புள்ளையத் தொட மாட்டேங்கிறீங்க?"

"அப்படி இல்ல."

"முன்னது மாதிரி இதுவும் போயிரும், ஆசை வைக்கக் கூடாதுன்னு இருக்கீங்களா?"

துண்டுக்குள் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். காயத் தொடங்கியிருந்த கொப்புளம் மறுபடி உடைந்தது.

வெள்ளிக்கிழமை காளியப்பன் சீனித் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினார். "வைங்க மாப்ள."

"தாய்மாமன் நீங்க இருக்கையில நானா?"

"அப்பன் நீங்க இருக்கையில நானா?"

கிண்ணம் இருவருக்கும் இடையே நான்கு முறை போய் வந்தது. பாதித் தண்ணீர் பாயில் சிந்திவிட்டது.

"பெத்த புள்ளைக்கு ஒரு சொட்டு வைக்க மனசில்லாத ஆளுக்கா என் தங்கச்சியக் கொடுத்தேன்?" என்றார் காளியப்பன்.

செல்லம் குழந்தையை அள்ளிக்கொண்டு எழுந்தாள். "அண்ணே, வண்டியப் பூட்டச் சொல்லு. நான் உன் வீட்டுக்கே வந்துர்றேன்."

வீரமுத்து துண்டை அவிழ்த்தான். கொப்புளம், டிரசர் சொன்னது, பல்வலி, விரதம், ஒன்று விடாமல் சொன்னான். செல்லம் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கள்ளுக்கோப்பையா?"

"கள்ளுக்கோப்பைதான். போன புள்ள மேல சத்தியம்."

அவள் மெல்ல உட்கார்ந்தாள். குழந்தையின் நெற்றியில் அவள் கண்ணீர் சொட்டியது. முந்தானையால் அதைத் துடைத்தாள். "இவளுக்காகவா ஒரு வாரமா இத்தனை பேச்சையும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க? என்கிட்ட சொன்னா என்ன?"

பிறகு கிண்ணத்தை அண்ணன் பக்கம் தள்ளினாள். "அப்ப நீயே வச்சிரு அண்ணே."

காளியப்பன் கிண்ணத்தைத் தொடவில்லை. பெரிய மீசையின் மேல் வேர்வை முத்து முத்தாகத் துளிர்த்தது.

விருந்துக்கு வந்த டிரசர் மணியம், வாசலில் செருப்பைக் கழற்றியபடியே விசாரித்தார்.

"என்ன மண்டோரே, மீசைக்குள்ள இருந்த கொப்புளம் வத்திருச்சா? மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னீங்களே, நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல."