எனக்கென்று ஒரு நம்பர்

எனக்கென்று சொந்தமாக ஒரு போன் நம்பர் வேண்டும் என்று லெந்து நோன்பின் மூன்றாம் வாரத்தில் தீர்மானித்தேன். மற்றதெல்லாம் உண்டு. வீடு உண்டு, மனைவி பெயரில். ஸ்கூட்டர் உண்டு, சாவி மனைவியின் பையில். போன்கூட உண்டு. அதற்குள் சிம் மட்டும் கிடையாது.

என் சிம் புஷ்பபாயின் போனில், அவளுடைய சிம்முக்குப் பக்கத்தில், அடக்க ஒடுக்கமாகக் குடியிருக்கிறது.

போன வருடம் ஒருவன் கூப்பிட்டு, கரண்ட் இணைப்பைத் துண்டிக்கப் போவதாகச் சொல்லி, போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டான். சொன்னேன். வைத்த பிறகுதான் ஒரு எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டது தெரிந்தது. பாவம், கஷ்டப்படுவானே என்று நானே திரும்பக் கூப்பிட்டுத் திருத்திக் கொடுத்தேன். பணம் போனதைக்கூடப் புஷ்பபாய் பொறுத்துக்கொண்டாள். இந்தத் திருத்தத்தைப் பொறுக்கவில்லை. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அன்றைக்கே ஊசியை எடுத்து என் சிம்மைக் கழற்றினாள்.

"ஒங்களுக்குப் போன் போதும். நம்பர் வேண்டாம்."

அன்றுமுதல் வைஃபை உள்ள இடத்தில் மட்டும் நான் மனிதன். என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் அவள் பேசுவாள். எனக்கு வரும் மெசேஜுக்கு அவள் பதில் போடுவாள். ‘அண்ணன் இப்போதெல்லாம் பிழையில்லாமல் எழுதுகிறான்’ என்று என் தம்பி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அதையும் சகித்திருப்பேன். லெந்து வந்து கெடுத்தது.

எங்கள் சபையில் அந்த நாற்பது நாளும் மீன், இறைச்சி கிடையாது. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு மொழிகளைப் பற்றியும் ஏழு பேர் பேசுவார்கள். ஐந்தாம் மொழி, ‘தாகமாயிருக்கிறேன்’, இந்த வருடம் எனக்கு. பல வருடம் போதகருக்குப் பின்னால் நடந்து வாங்கியது. கொடுக்கும்போது அவர் ஒன்று கேட்டார்.

"வயிறு நெறைய எறச்சிய வச்சிட்டுத் தாகத்தப் பத்திப் பேசப்படாது ஜெயதாஸ். நோம்பு ஒழுங்காப் பிடிப்பியளா?"

சபை நடுவில் எழுந்து நின்று, பிடிப்பேன் என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

இரண்டு வாரம் தாங்கியது. பிறகு ஒரு நாள் பாறசாலை ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிர்க் கடையில் பொரோட்டா அடித்தார்கள். அடுப்பில் பீஃப் வறுபட்டது. கறிவேப்பிலையும் தேங்காய்க் கொத்தும் சேர்ந்து ரோட்டைக் கடந்து வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டன. ஒரே ஒரு தடவை போதும் என்று வயிறு சொன்னது. ஆனால் அந்தக் கடை கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் எங்கள் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். நான் பொரோட்டாவைப் பிய்ப்பதற்குள் போதகருக்குத் தெரிந்துவிடும்.

வீட்டு வாசலில் கொண்டுவந்து தர ‘ருசிவண்டி’ என்று ஒரு ஆப் வந்திருக்கிறது. அதில் சேர நம்பர் கேட்டது. நம்பர் கொடுத்தால் ஓடிபி வரும். ஓடிபி எங்கே வரும் என்று உங்களுக்கே தெரியும்.

பனச்சமூட்டில் போன் கடை வைத்திருக்கும் ஷிஜுவிடம் போனேன். எங்கள் சபைப் பையன்.

"எனக்கு ஒரு நம்பர் வேணும் மக்கா."

"ஆதாரக் கொண்டாங்க மாமா. இப்பவே சிம் தாறேன்."

"அதுக்கு ஓடிபி வருமா?"

"வரும். ஆதாரில சேத்த நம்பருக்கு."

"அது ஒனக்க மாமிக்க போனில இருக்கு."

ஷிஜு என்னை ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். கடையில் வேறு யாரும் இல்லாததை உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"இன்னொரு வழி உண்டு. சிம் வேண்டாம். நெட்டில ஒரு பக்கம் உண்டு, அதில சும்மா நம்பர் போட்டு வச்சிருப்பான். அந்த நம்பரக் குடுத்தா ஓடிபி அந்தப் பக்கத்திலேயே வந்து விழும். நீங்க பாத்து அடிச்சாப் போதும்."

"ஃப்ரீயா?"

"ஃப்ரீ. ஆனா வாற மெசேஜ எல்லாரும் பாக்கலாம். பேங்குக்கு இதக் குடுத்துராதிய. ஒங்களக் கண்டா எனக்குப் பயமாக்கும்."

"எத்தன நம்பர் உண்டு?"

"மத்ததெல்லாம் வெளிநாடு. இந்தியாவுக்கு வேல செய்யது இது ஒண்ணுதான். நம்ம சபையில உள்ளவங்களுக்கு இதத்தான் சொல்லிக் குடுக்கேன். லெந்து வந்தா எனக்கு நல்ல திரக்காக்கும் மாமா."

லெந்துக்கும் போன் கடைக் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பீஃபை யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். புதன்தோறும் எங்கள் வீட்டில் பெண்கள் ஐக்கியத்தின் உபவாச ஜெபம். ஆண்கள் இருக்கக் கூடாது. நாலு மணி தாண்டியதும் என்னை நெய்யாற்றின்கரைக்குத் தேங்காய் எண்ணெய் வாங்க அனுப்பிவிடுவாள். இங்கே தெருவுக்கு ஒரு கடையில் எண்ணெய் கிடைக்கும்போது அங்கே ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "அங்க உள்ளதுதான் மணம்" என்றாள்.

அந்தப் புதன் நான் நெய்யாற்றின்கரைக்குப் போகவில்லை. பையோடு கிளம்பி, அடுத்த வளைவில் வேலாயுதன் வீட்டுக்குள் நுழைந்தேன். வேலாயுதனுக்கு நோன்பு கிடையாது. வைஃபை உண்டு.

"எனக்குப் பாதி தருவியளா அண்ணா?" என்றான்.

"கால் பங்கு."

"அப்ப கால் பங்கு நெட்டு தாறேன்."

பாதிக்கு ஒத்துக்கொண்டேன். ஷிஜு சொன்ன நம்பரை ஆப்பில் அடித்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். உலகம் முழுவதும் அங்கே நம்பர் இல்லாமல் நிற்கிறது. சீன எழுத்து, ரஷ்ய எழுத்து, யாருக்கோ சூதாட்டக் கணக்கு, யாருக்கோ கல்யாணத் தரகு. எத்தனை புருஷன்மார், எத்தனை தேசம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவில் என் ஓடிபியும் விழுந்தது. அடித்தேன்.

‘மீண்டும் வருக, ஜெயதாஸ்’ என்றது ஆப்.

"பாத்தியா, பேரே சொல்லாம பேரச் சொல்லுது" என்றேன் வேலாயுதனிடம்.

"அதாக்கும் அண்ணா டெக்னாலஜி" என்றான் அவன்.

எட்டு பொரோட்டா, இரண்டு பீஃப் வறுவல். முகவரிக்கு வேலாயுதன் வீட்டைப் போட்டேன். வண்டி வந்ததும் ஒரு ஓடிபி சொல்ல வேண்டும், அதுவும் அந்தப் பக்கத்துக்கே வரும் என்று ஆப் சொன்னது. இருவரும் கேட்டில் போய் நின்றோம். வேலாயுதன் வாழையிலை வெட்டிக் கழுவி வைத்துவிட்டான்.

பைக் வந்தது. முதுகில் சிவப்புப் பெட்டி. கையைக் காட்டினேன். பையன் எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, நிற்காமல், நேராக என் வீட்டுச் சந்துக்குள் திரும்பினான்.

ஓடினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓடியது அன்றுதான். சந்தின் நடுவில் பைக்கின் முன்னால் குதித்து நின்றேன்.

"எலே, அது எனக்க பொதியாக்கும்."

"சேட்டன் யாரு?"

"ஜெயதாஸ்."

பையன் சிரித்தான். அபிலாஷ் என்று சட்டையில் எழுதியிருந்தது. பெருங்கடவிளைக்காரன்போல, எனக்குப் புது முகம்.

"போ சேட்டா. ஜெயதாஸ எனக்கு நல்லாத் தெரியும். ஜெயதாஸ் ஒரு டீச்சராக்கும்."

"டீச்சரா?"

"எல்லா புதனாழ்ச்சையும் ஓர்டர் உண்டு. இன்னைக்கு ரெண்டு ஓர்டர். ஒண்ணுல அட்ரஸ் தெற்றிப் போச்சுன்னு டீச்சரே விளிச்சுப் பறஞ்சு."

இந்தச் சந்தில் எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருத்திதான். ஆனால் பொரோட்டாவின் சூடு பெட்டி வழியாக வந்துகொண்டிருந்தது.

"நான் ஓடிபி சொன்னாத் தருவியா?"

"ஓடிபி யாரு பறஞ்சாலும் தரும். அதாக்கும் ரூல்."

போனை எடுத்தேன். வைஃபை இல்லை. சந்து முனையிலிருந்து கத்தினேன். வேலாயுதன் ரவுட்டரைப் பிடுங்காமல், வயர் எட்டும் மட்டும் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தான். ஒரு கோடு வந்தது. பக்கம் திறந்தது. ரஷ்யாக்காரன். சீனாக்காரன். மறுபடியும் ரஷ்யாக்காரன்.

"ஒரு நிமிசம் மக்கா. ரஷ்யாவில திரக்கு."

"நாலு, ஏழு, ஒண்ணு, மூணு" என்று ஒரு குரல் நிதானமாகச் சொன்னது.

வீட்டு வாசலில் புஷ்பபாய். கையில் போன். அவளுக்குப் பின்னால் பெண்கள் ஐக்கியம் முழுவதும் கையில் தட்டோடு நின்றது. போதகரின் மனைவி முன் வரிசை.

அபிலாஷ் பெட்டியைத் திறந்து எல்லாப் பொதிகளையும் அவளிடம் கொடுத்தான். "சேட்டனத் தெரியுமா டீச்சரே?" என்றான் என்னைக் காட்டி.

"கண்டமாதிரி உண்டு" என்றாள் புஷ்பபாய்.

கூட்டம் கலையும்வரை வேலாயுதன் வீட்டில் இருந்தேன். அவன் வாழையிலையில் தயிர்சாதம் போட்டான். பிறகு வீட்டுக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாக என் பக்கம் நியாயம் இருந்தது. அதை வீணாக்கக் கூடாது.

"உபவாச ஜெபமா நடத்துதிய?"

"ஜெபம் அஞ்சு மணிக்கு முடியும். அதுக்கப்பறம் மனுசருக்குப் பசிக்காதா?"

"எறச்சியா?"

"நாள் முழுக்கப் பச்சத் தண்ணி குடிக்காம இருந்தவங்களாக்கும். நீங்க காலத்த பழங்கஞ்சி, மத்தியானம் சோறு, நாலு மணிக்கு ஏத்தங்காய் வத்தலும் தின்னுட்டுப் பீஃபுக்குப் போனிய."

நியாயம் கொஞ்சம் நகர்ந்தது. நாற்காலியை முன்னால் இழுத்தேன்.

"எனக்க பேர எதுக்குப் போட்டிய?"

"பின்ன யாருக்க பேரப் போட? லெந்தில எறச்சி தின்னது ஜெயதாஸ்னு கேட்டா யாராவது ஒராளு அதிசயப்படுவாங்களா?"

"அந்த நம்பரு?"

"அது எங்க நம்பராக்கும். ரெண்டு லெந்தா வச்சிருக்கோம். நீங்க அதில கேறின ஒடனே எனக்க போனில மணியடிச்சு. ஜெயதாஸ் எட்டு பொரோட்டா சொன்னாருன்னு. எட்டு. கொலஸ்ட்ரால் குளிக எதுக்குத் திங்கிய?"

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "போதகரிட்ட நான் சொல்லுவேன் புஷ்பம்."

"சொல்லுங்க. ரெண்டு லெந்து எறச்சியும் ஜெயதாஸ் பேரில உண்டு. ஒங்க வீட்டு அட்ரஸ். சாட்சிக்கு அபிலாஷ விளிக்கட்டா?"

எண்ணெய்ப் பை என் மடியில் காலியாக இருந்தது. அதை மடித்தேன். இன்னும் ஒரு தடவை மடித்தேன்.

"சரி. யாருட்டயும் நான் சொல்லல்ல. எனக்க அஞ்சாம் மொழி எனக்குப் போதும்."

"அது ஒங்களுக்கு இல்ல இப்பம்."

"ஏன்?"

"நோம்ப முறிக்கப் போனவரு தாகத்தப் பத்தி என்ன பேசுவிய? ‘தொண்ட கட்டிப் போச்சு, எனக்குப் பதிலா புஷ்பபாய் பேசட்டும்’னு போதகருக்கு மெசேஜ் போயாச்சு."

"நீ மெசேஜ் அனுப்பினா அவரு எப்பிடி நம்புவாரு?"

"நான் எங்க அனுப்பினேன்? ஒங்க நம்பரிலேருந்தாக்கும் போச்சு. சீக்கிரம் சொகமாகணும்னு ஒங்களுக்குப் பதிலும் போட்டிருக்காரு."

பெரிய வெள்ளிக்கிழமை, கொளுத்தும் வெயிலில், கழுத்தில் கம்பளி மப்ளர் சுற்றிக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் தொண்டை எப்படி என்று கேட்டார்கள். பேசக் கூடாது என்பதால் தலையாட்டினேன். நான்கு மொழிகள் முடிந்தன. புஷ்பபாய் எழுந்து போய் மைக்கின் முன்னால் நின்றாள். எனக்கே பொறாமையாக இருக்கும் அளவுக்கு நன்றாகப் பேசினாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, ‘தாகமாயிருக்கிறேன்’ என்று சொல்லி நிறுத்தினாள். அவள் என்னைப் பார்த்தாள்.

எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.